பான்சியின் தலையைப் பிடித்திருந்தவர்

எட்கர் ரெய்னை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். இந்த ஐம்பது வருடத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் எழுதினால் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும், கீழே கையெழுத்துப் போட இடமும் மிஞ்சும். சுரங்கத்து ஆட்கள் பொதுவாக வாயாடிகள். எட்டு மணி நேரம் பூமிக்கடியில் கரி வெட்டிவிட்டு மேலே வந்தால் பொரிந்து தள்ளுவார்கள். எட்கர் மேலே வருவார், முகத்தைக் கழுவுவார், வீட்டுக்குப் போவார். அவருடைய பேச்சு முழுக்க நாய்களுக்குத்தான். விடிகாலையில் கடலோர மேட்டில் நான்கு கிரேஹவுண்டு ஓட்ட நாய்களை நடத்திக்கொண்டு போகும்போது பின்னாலேயே போய்க் கேட்டவர்கள் சொல்வார்கள், மனிதர் ஒரு நிமிடம் வாய் மூட மாட்டாராம்.

நான் வினி. எங்கள் ஊர் நாய் ஓட்ட மைதானத்தில், டீ விற்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்து நாலு வருடம் நின்றவள். யார் நாய் ஜெயித்தது, யார் நாய் நொண்டுகிறது, யார் பெண்டாட்டியிடம் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறார், எல்லாம் அந்த ஜன்னலுக்கு வந்து சேரும். வாயை அடக்கத் தெரியாதவள் என்று ஊரில் எனக்குப் பெயர். அது ஒன்றும் இட்டுக்கட்டியது இல்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எட்கரின் மனைவி, மகள் ஹெதருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு காப்பீட்டு ஏஜெண்டோடு நியூகாசிலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்பாவும் மகளும் நாய்களும்தான். ஆட்டுத்தலை வேகும் வாசனையும், நாய்க்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் நெடியும் திரைச்சீலைவரை ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் ஹெதரைப் பார்த்து மூக்கைப் பொத்துவார்கள். அவள் அதை லட்சியம் பண்ணியதாகத் தெரியவில்லை. அவளுக்குப் பான்சி இருந்தாள்.

பான்சி, புலிவரி போட்ட பெட்டை. பந்தயத் தாளில் அவளுக்கு நீளமாக வேறொரு பெயர், வீட்டில் பான்சி. பிறந்த வாரத்தில் பால் குடிக்காமல் சாகக் கிடந்ததை, ஹெதர்தான் புட்டிப்பால் கொடுத்துத் தேற்றினாள். வளர்ந்த பிறகும் ஹெதரின் கட்டிலில்தான் தூக்கம். ஓட்ட நாயைக் கட்டிலில் படுக்கவைப்பதா என்று மற்ற நாய்க்காரர்கள் எட்கரைக் கேலி செய்தார்கள். பான்சி வரிசையாக ஜெயிக்க ஆரம்பித்ததும் கேலி நின்றது. மொத்தம் பதினொரு வெற்றி.

எண்பத்தெட்டாம் வருடம் அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், முதல் வளைவில் இரண்டு நாய்கள் மோதிக்கொண்டன. பான்சி அடியில் மாட்டிக்கொண்டாள். பின்னங்கால் முறிந்துவிட்டது. ஹெதர் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இப்போதென்றால் தகடு வைக்கிறார்கள், காலை எடுத்துவிட்டாவது உயிரைக் காப்பாற்றுகிறார்கள். அப்போது எங்கள் பக்கத்தில் வழக்கம் வேறு. நாய் டாக்டர் ஒரு தாளை நீட்டுவார், சொந்தக்காரர் கையெழுத்துப் போடுவார், பின்னால் இருந்த கொட்டகையில் ஓர் ஊசியோடு முடிந்துவிடும். எட்கரும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"டீ, வினி."

"பான்சி கூட யாரு இருக்கா?"

"டாக்டர் இருக்காரு."

பாதி டீயைத் தட்டில் கொட்டிவிட்டார். குடித்து முடிக்கும்வரை கொட்டகைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கல்நெஞ்சுக்காரர் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு எட்கரைத் தெரியாது என்று அர்த்தம். சுரங்கம் சரிந்தபோது இடிபாட்டிலிருந்து இரண்டு பேரைத் தோளில் தூக்கி வந்த மனிதர். அந்த நாயின் கண்ணை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை.

மகளிடம் சொல்லவும் முடியவில்லை. விட்பி என்கிற ஊரில் ஒரு வயதான தம்பதிக்குப் பான்சியைக் கொடுத்துவிட்டேன், கடற்கரையிலேயே வீடு, நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டார். வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான் இருக்கும். ஹெதர் அழுதாள், ஆனால் நம்பினாள். அடுத்த கோடையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி விட்பிக்குப் போனாள். ஒரு பகல் முழுக்க அந்த மேட்டுத் தெருக்களில் ஏறி இறங்கி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, புலிவரி நாய் வைத்திருக்கும் தம்பதியைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். கையில் பான்சிக்குப் பிடித்த பிஸ்கட் பொட்டலம் வேறு.

மறுநாள் என் ஜன்னலுக்கு வந்து நின்றாள். செருப்புக் கடித்துக் குதிகால் இரண்டும் புண்ணாகியிருந்தது.

"வினி அத்தை, பான்சி எங்க?"

நான் சொல்லிவிட்டேன். யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும்? "இல்லடி கண்ணு. அன்னைக்கே போயிடுச்சு. ஊசி போட்டுட்டாங்க."

அவள் அழவில்லை. ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்பா கூட இருந்தாரா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பதினேழு வயதுப் பெண், புண்ணான காலோடு நிற்கிறாள். "இருந்தாரு. கடைசிவரைக்கும் தலையப் புடிச்சு மடியில வெச்சிருந்தாரு. கண்ணுல தண்ணி" என்றேன். அந்த முகத்துக்கு நேரே எனக்கு வேறெதுவும் வரவில்லை. இப்படிச் சொன்னேன் என்று எட்கரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஹெதர் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் "விட்பி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம். அந்தச் செப்டம்பரில் லீட்ஸுக்கு வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எட்கர் தன் நாய்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டார். பிறகு சுரங்கத்தையும் மூடினார்கள். மேட்டில் தனியாக நடந்தார். பேச நாயும் இல்லை. இப்படி இருபத்தேழு வருடம்.

போன வருடம் மார்ச்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் பஸ்ஸில் மைதானத்தைத் தாண்டிப் போனேன். டீ ஜன்னலை மூடி எட்டு வருடம் ஆகிவிட்டது. முட்டி வலி வந்த பிறகு அந்தப் பக்கம் நான் போவதே இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். நரைக்க ஆரம்பித்த தலை, எட்கரின் அதே மூக்கு. கையில் இரண்டு கிரேஹவுண்டுகள், இரண்டுக்கும் போர்வை போட்டிருந்தது. பஸ் ஓடிக்கொண்டே இருந்ததால் அவ்வளவுதான் கண்ணில் பட்டது. அது போதும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ஓட்ட நாளன்று மைதானத்துக் கேட்டருகே ஒருத்தி போர்வை போட்ட கிரேஹவுண்டோடு நின்றால், அவள் நாயை ஓட்ட வந்திருக்கிறாள். வேறெதற்கு வருவாள்? எங்களுக்கு வேறு தெரியாது.

அன்று சாயங்காலமே லென் வீட்டில் சொல்லிவிட்டேன். லென் டல்லி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவனும் அவன் மனைவி மொய்ராவும் நானும் எட்கரும் ஞாயிறுதோறும் அங்கே சீட்டாடுவோம்.

"யோவ் எட்கர், உக்காரு. ஒரு சேதி இருக்கு."

"உக்காந்துதான் இருக்கேன்."

"ஹெதர் வந்துட்டாய்யா. மறுபடியும் நாய் ஓட்டத்துக்கு. கேட்டுக்கிட்ட ரெண்டு நாயோட நின்னா, என் கண்ணால பாத்தேன்."

எட்கர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். திரும்ப எடுத்தார். திரும்ப வைத்தார்.

"நாயிங்க எப்படி இருந்துது?"

"அடப்பாவி, மகளைப் பத்திக் கேளுய்யா!" என்று லென் மேஜையைத் தட்டினான்.

"ரொம்ப மெலிஞ்சிருந்துதா?" என்றார் எட்கர். நாயைக் கேட்டாரா மகளைக் கேட்டாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது.

ஏப்ரலில் அவருக்கு எழுபது வயது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. எதையும் கேட்டு வாங்காத மனிதர், தன் பிறந்தநாளுக்கு எல்லோரும் மைதானத்துக்குப் போகலாமா என்று அவராகவே கேட்டார். இப்போதெல்லாம் பழைய நாய்க்காரர்கள் அங்கே குறைவு. பிறந்தநாள் கூட்டமும் கல்யாணத்துக்கு முன்னால் கும்மாளம் போடும் கூட்டமும்தான் வருகின்றன. அவர்களுக்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். சொல்லிவைத்தால் ஓர் ஓட்டத்துக்குப் பிறந்தநாள்காரரின் பெயரைச் சூட்டுவார்கள். பந்தயத் தாளில் அச்சடிப்பார்கள், ஒலிபெருக்கியில் சொல்வார்கள், ஜெயித்த நாயோடு மேடையில் நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து நாலாவது ஓட்டத்தை எட்கர் பெயரில் எழுதிவைத்தோம்.

"தாள்ல பேரு வந்தா அவ பாப்பால்ல?" என்றார்.

"நாய் ஓட்டுறவ தாளைப் பாக்காம இருப்பாளா?"

"போட்டோ எடுக்கறப்ப அவளும் கூட நின்னா நல்லாருக்கும்" என்றார். பிறகு, "மன்னிப்புக் கேக்கணும் வினி. என்ன கேட்டாலும் உள்ளத உள்ளபடி சொல்லிடுவேன். இந்தத் தடவ ஒரு பொய்யும் கிடையாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். என் வாய்க்கு அன்றைக்குப் பார்த்துத்தானா பூட்டு விழ வேண்டும்?

பிறந்தநாளன்று நல்ல வெயில். எட்கர் முடி வெட்டி, மீசையை எடுத்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடும் கோட்டைப் போட்டிருந்தார். லென் காரை கேட்டருகே மெதுவாக்கினான்.

"என்னம்மா கூட்டம் இது? தேர்தல் ஏதாவது வருதா?"

ஏழெட்டுப் பேர் கையில் அட்டையோடு நின்றிருந்தார்கள். நாய் ஓட்டத்தை நிறுத்து, இதுவரை எத்தனை நாய்கள் செத்தன, இந்த மாதிரி எழுத்துகள். நடுவில் ஹெதர். அவளிடம் இருந்த இரண்டு நாய்களில் ஒன்றுக்குப் பின்னங்கால் ஒன்று இல்லை. அவை ஓட வந்த நாய்கள் இல்லை, ஓட்டத்திலிருந்து மீட்கப்பட்ட நாய்கள்.

"லென், வண்டிய எடு. நேரா உள்ள போ" என்றேன். அதற்குள் எட்கர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். நானும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

ஹெதர் அவரிடம் ஒரு நோட்டீசை நீட்டினாள். "ஐயா, உள்ள போறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க."

பெற்ற அப்பாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மீசை இல்லை, உடம்பு பாதியாகிவிட்டது, இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது, எல்லாம் சரி. எனக்குத் தாங்கவில்லை. எட்கர் நோட்டீசை வாங்கிக்கொண்டு அவள் தோளில் சாய்த்திருந்த அட்டையைப் பார்த்தார். அதில் பான்சியின் படம். பழைய வெற்றி மேடைப் போட்டோ. பக்கத்தில் நின்றவரை வெட்டிவிட்டார்கள், கழுத்துப்பட்டியைப் பிடித்திருந்த கை மட்டும் மிச்சம். கீழே எழுதியிருந்தது: பான்சி. பதினொரு வெற்றி. ஒரு ஊசி.

மூன்று கால் நாய் எட்கரின் தொடையில் சாய்ந்துகொண்டது. கிரேஹவுண்டுகள் அப்படித்தான், பிடித்தவர்கள்மேல் சாய்ந்துவிடும். அவர் கை தானாகப் போய் அதன் காதை மடக்கி, உள்ளே பச்சை குத்தியிருந்த எண்ணைப் பார்த்தது. மறு காதையும் பார்த்தார், அயர்லாந்து நாய்களுக்கு இரண்டு காதிலும் எண் இருக்கும்.

"அயர்லாந்து நாயி" என்றார்.

ஹெதர் அந்தக் கையைப் பார்த்தாள். கரி ஏறி ஆறிய நீலத் தழும்பு, கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுவரை. அட்டையில் இருந்த கையிலும் அதே தழும்புதான்.

"அப்பா?"

"ஆமா."

"மீசைய எடுத்துட்டீங்க."

"இன்னைக்குக் காலைலதான்."

"பொறந்தநாளு இன்னைக்கு. தெரியும்."

எட்கர் நோட்டீசை நாலாக மடித்தார். பிறகு, "விட்பி... நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு. மன்னிச்சுடும்மா" என்றார்.

ஹெதரின் முகம் இளகியதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "விட்பிய நான் எப்பவோ விட்டுட்டேன்ப்பா. உங்களுக்கு அன்னைக்கு உண்மையச் சொல்ற தைரியம் இல்ல, அவ்வளவுதான். ஒண்ணு மட்டும் உங்க வாயால கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. பான்சி போறப்ப நீங்க கூட இருந்தீங்கல்ல? தலையப் புடிச்சுக்கிட்டு?"

அது கேள்வியே இல்லை. கதவைத் திறந்துவைத்துவிட்டு, உள்ளே வா என்று கூப்பிடுகிற மாதிரி. ஒரு 'ஆமா' போதும். நான் எட்கரின் முழங்கையை அழுத்திப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லாதே என்று நான் தைரியம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ, நிமிர்ந்து நின்றார்.

"இல்லம்மா. நான் இல்ல. என்னால பாக்க முடியல. வினி ஜன்னல்கிட்ட நின்னு டீ குடிச்சுக்கிட்டிருந்தேன்."

ஹெதர் என் பக்கம் திரும்பினாள். என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்ப அவ தனியாவா போனா?" என்றாள். அட்டையை வேலியில் சாய்த்துவைத்துவிட்டு, இரண்டு நாய்களையும் கூட்டிக்கொண்டு தெருமுனையில் நின்ற வண்டியைப் பார்த்து நடந்தாள். மூன்று கால் நாய் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய்விடலாம் என்று மொய்ரா சொன்னாள். எட்கர் கேட்கவில்லை. "பேரு போட்டிருக்காங்க. நாயிங்க ரெடியா நிக்கும்" என்றார். உள்ளே போனோம். சிப்ஸ் வாங்கினோம், யாரும் தொடவில்லை. நாலாவது ஓட்டத்துக்கு முன்னால் ஒலிபெருக்கிக்காரன், "எழுபது வயசு வாலிபர் எட்கர் ரெய்னுக்கு ஒரு கைதட்டு!" என்றான். பக்கத்து மேஜையில் இருந்த கல்யாணப் பெண்ணின் தோழிகள் ஊளையிட்டார்கள். இயந்திர முயல் ஓடியது, ஆறு கூண்டும் திறந்தது, அரை நிமிடத்தில் நீலச் சட்டை போட்ட நாய் ஜெயித்தது. முதல் வளைவில் எல்லா நாய்களும் நல்லபடியாகத் திரும்பின. எட்கர் அப்போதுதான் மூச்சு விட்டார்.

மேடையில் போட்டோக்காரப் பெண், "சிரிங்க தாத்தா. குடும்பத்துல யாராவது கூட நிக்கிறாங்களா?" என்று கேட்டாள். எட்கர் கேட் இருந்த திசையைப் பார்த்தார். நான் ஏறி அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். அந்தப் படம் இப்போது அவர் வீட்டு அடுப்பு மாடத்தில் இருக்கிறது. மூன்று பேரில் நாய் ஒன்றுதான் பார்க்கும்படி இருக்கிறது.

அடுத்த ஞாயிறு நான் தனியாகப் பஸ் ஏறிக் கேட்டுக்குப் போனேன்.

"அந்தப் பொய்யச் சொன்னது நான்டி. அவருக்குத் தெரியவே தெரியாது. அவரு உண்மையத்தானே சொன்னாரு? கோவப்படணும்னா என் மேல படு."

"உங்க மேல எனக்குக் கோவமே இல்ல அத்தை" என்றாள் ஹெதர். அழுது முடித்த முகம். "இருபத்தேழு வருஷமா அவர வெறுக்காம இருந்ததுக்கு எங்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு. கையெழுத்துப் போட்டாரு, பொய் சொன்னாரு, ஆனா கடைசில அவ கூட இருந்தாருன்னு. அத வெச்சுத்தான் அவர மன்னிச்சுட்டேன்னு லெட்டர் எழுதி எழுதிக் கிழிச்சுக்கிட்டிருந்தேன். இப்ப எதை வெச்சு வரச் சொல்றீங்க? என்னால முடியல. வர மாட்டேன்னு சொல்லிடுங்க."

சொல்லிடுங்க என்றாள். பஸ்ஸில் வரும்போது நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். எட்கர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"பாத்தியா? என்ன சொன்னா?"

"கொஞ்ச நாள் ஆகும்னா" என்றேன்.

அன்றைக்கு மகளிடம், இன்றைக்கு அப்பாவிடம், அதே வாயால் இரண்டாவது பொய். எனக்குப் புத்தி எப்போது வரும்?

அன்றிலிருந்து ஒரு வருடம். மாடி அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார். புது மெத்தை வாங்கினார். நாய்களும் வரும் என்று அடுப்புப் பக்கத்தில் இரண்டு கம்பளி விரித்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டு, தெரு தெரியும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். அதிசயம் என்னவென்றால், பேச ஆரம்பித்துவிட்டார். ஹெதர் குட்டிக்குப் பால் கொடுத்தது, கட்டிலில் நாய் காலை நீட்டிப் படுத்தால் அவள் தரையில் தூங்கியது, எல்லாம் சொல்கிறார். நான் மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்படி ஒரு தண்டனை எனக்கு வேண்டும்தான்.

போன ஞாயிறும் அப்படித்தான். இறைச்சியை வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ ஒரு நாயைக் கூட்டிப் போனார்கள். எட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்து மறுபடியும் சாய்ந்துகொண்டார்.

"அவ வீட்ட விட்டுப் போனதே பொய்யாலதான் வினி. இப்ப உண்மையச் சொல்லிட்டேன். அது உள்ள எறங்க நாளாகும். எறங்குனதும் வந்துடுவா."

"வருவா."

"நல்லவேளை, அன்னைக்குப் பொய் சொல்லாம இருந்தேன்."

"நல்லவேளைதான், எட்கர்" என்று சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கை அவர் தட்டில் வைத்தேன்.